அப்சாபருக்கு உபயதாரர்

திருநாவுக்கரசு யாரையும் நம்பமாட்டார். கடைக்காரரின் தராசை நம்பமாட்டார், வானொலி சொல்லும் மழையை நம்பமாட்டார், டாக்டர் சிரித்துக்கொண்டு சொன்னாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாலும் நம்பமாட்டார். பிறை நகரில் லாரி ஓட்டிய காலத்தில் சரக்கு ஏற்றினவன் "எல்லாம் கட்டியாச்சு" என்று சொன்ன பிறகும், இறங்கிப் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் நல்லுள்ளத் துயர்துடைப்புச் சபையின் காரைச் சம்பளம் இல்லாமல் ஓட்ட ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவர் மனைவி ருக்குமணிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் கழுவப் போகவேண்டும். வாடகைக் காரில் போய்வந்தால் கைக்கு வரும் காசு பாதி மாதத்திலேயே இறங்கிக்கொள்ளும். சபையின் காரை ஓட்டினால் அவளையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. அது எதையும் வாங்காது. நாற்காலியானாலும் நகவெட்டியானாலும் உபயதாரர் பிடிக்கவேண்டும். உபயம் செய்தவர் பெயரை அந்தப் பொருளின் மேலேயே எழுதவேண்டும். கோயில் குழல்விளக்கில் பெயரை எழுதி எழுதி வெளிச்சத்தை மறைக்கிறார்களே, அதே மாதிரிதான். காரும் அப்படி வந்ததே. ஒரு பெரிய மனிதர் மகளுக்குப் புதுக் கார் வாங்கினபோது, அவள் ஓட்டித் தேய்த்ததைச் சபைக்குத் தானம் செய்துவிட்டார். கதவில் அவர் பெயர். சீட் உறையில் இன்னொருவர் பெயர். டாஷ்போர்டில் இருந்த பிள்ளையார் கட்டைவிரல் அளவு, பீடத்தில் இருந்த உபயதாரர் பெயர் உள்ளங்கை அளவு. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் ஒரு தம்பதியின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. மீதி இடத்தில் பின்னால் வரும் லாரியில் பாதி தெரியும். எந்தப் பாதி என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

காரில் பெயர் எழுதாத இடம் ஒன்றுதான் பாக்கி. அது அடிப்பக்கம். கெட்டுப்போனதும் அதுதான்.

முதலில் 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தம் நின்று, இடி மட்டும் வந்தது. ஜெலுத்தோங் அடுக்குமாடிப் பக்கம் இருக்கிற 'பம்பு' என்ற வேகத்தடையில் ஏறி இறங்கினால் காருக்குள் இருப்பவர்களின் பல் ஒன்றோடொன்று மோதும். கூட வரும் ரமணி, பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, சிறுநீரகம் கெட்டதால் வேலையை விட்டவள். வாய் மட்டும் கெடவில்லை.

"அண்ணே, இந்தக் காருல வந்தா அங்க போய் ரத்தம் கழுவ வேண்டியதே இல்லலா. வழியிலேயே நல்லா குலுக்கி அலசிடுது."

ருக்குமணி வழக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். இந்த நோயில் எலும்பும் தேய்ந்துபோகும், பார்த்து அழைத்துவாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். திருநாவுக்கரசு அதை நம்பவில்லை. அன்று மாலை ருக்குமணி சட்டையைத் தூக்கிக் காட்டினாள். விலாவில் கதவுப் பிடியின் அளவுக்கு ஒரு நீலம்.

"இனிமே நான் வரலைங்க."

"எங்க?"

"ரத்தம் கழுவ."

"கழுவாம?"

"கழுவாம. போற வழியில ஒவ்வொரு பம்புலயும் கொஞ்சம் கொஞ்சமா சாகறதுக்கு, வீட்டுல ஒரேயடியா படுத்துக்கலாம்."

கழுவப் போகாதவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ரத்தம் கழுவும் நிலையத்தில் நாற்காலிகள் காலியாவதைப் பார்த்திருக்கிறார். உலகத்தில் அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

"காரோட குலுக்கலைத் தாங்குற அப்சாபரை மாத்திடுறேன். அதுவரைக்கும் பொறுத்துக்க."

"இந்த மாசம் முடியுற வரைக்கும்" என்றாள் ருக்குமணி. அவள் பேச்சில் பேரம் கிடையாது.

இப்ராஹிம் பாயின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார். பாய் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திவிட்டு விலகி நின்றார். கார் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

"பாருங்கண்ணே, நான் டீ குடிச்சிட்டு வந்தாலும் ஆடிக்கிட்டிருக்கும். நாலு அப்சாபரும் எண்ணெயைக் கக்கிடுச்சு. சக்கரத்தைப் பிடிக்கிற லோவர் ஆர்ம்ல இருக்குற ரப்பர் புஷ்ஷும் பிஞ்சு போச்சு."

"நிஜமாவா, இல்ல காசுக்காகச் சொல்றியா?"

"அடியில படுத்துப் பாருங்க."

திருநாவுக்கரசு சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தார். எண்ணெய் கக்கியிருந்தது. எழுந்து, "நீ மாட்டு. சபை காசு குடுக்கும்" என்றார்.

பாய் நாசூக்காகச் சிரித்தார். "உங்க சபையா? போன தடவை பிரேக் மாத்தினதுக்குக் காசு கேட்டேன். மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துனாங்க. அதுல கை தொடச்சுப் பார்த்தேண்ணே, எண்ணெயை உறிஞ்ச மாட்டேங்குது. முதல்ல காசு, அப்புறம் அப்சாபர்."

சபையின் அலுவலகத்தில் செயலாளர் மோகனராஜ் இருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா. சபை செய்த நற்பணிகளின் படங்கள் சுவர் முழுக்கத் தொங்கின. எல்லாப் படத்திலும் நற்பணி ஓரமாகவும் செயற்குழு நடுவிலும் இருந்தது.

"அப்சாபரா? தாராளமா செஞ்சிடலாம்ணே. உபயதாரர் வரிசையில நிக்கிறாங்க. காருல எந்த இடத்துல வருது அது?"

"சக்கரத்துக்கு உள்பக்கம்."

"வெளியிலேர்ந்து பார்த்தா தெரியுமா?"

"தெரியாது."

"உள்ள உக்காந்தா?"

"தெரியாது. அது நல்லா இருந்தா, இருக்குறதே தெரியாது."

மோகனராஜ் திறந்த பேனாவை மூடினார். "கஷ்டம்ணே." ஆனாலும் முயற்சி செய்யாமல் விட்டார் என்று பெயர் வரக்கூடாது அல்லவா, திருநாவுக்கரசு எதிரிலேயே ஒரு தொழிலதிபருக்குப் போன் போட்டார்.

"ஐயா, வணக்கம். ஒரு புண்ணிய காரியம். உங்க அப்பா பேருலதாங்க. காருக்குத்தான். மேல இல்லைங்க. பக்கத்துலயும் இல்லைங்க. அடியிலங்க. ஆமாங்க, ரோட்டைப் பார்த்த மாதிரி. இல்லைங்க ஐயா, அப்படி நினைக்கலாமா? சரிங்க ஐயா." போனை வைத்தார். "அப்பா பேரைச் சகதியில போடுறியான்னு கேக்குறாரு. ஆனா மனசு நல்ல மனசு. காருக்குத் திரைச்சீலை தரேன்னு சொல்லிட்டாரு."

திரைச்சீலை வந்தது. அதைக் கேள்விப்பட்டு மற்றவர்களுக்கும் மனம் இளகியது. கூரையின் மேல் சாமான் வைக்க ஒரு இரும்புச் சட்டம் வந்தது. நோயாளிகள் சாமானோடு வருவதில்லை, ஆனால் சட்டத்தில் நான்கு பக்கமும் பெயர் எழுத இடம் இருந்தது. ஒரு ஒலிபெருக்கி வந்தது. பிறகு, இதுவரை கொடுத்தவர்கள் எல்லாருடைய பெயரையும் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று வந்தது. அதைப் பின்பக்கம் வைத்து முடுக்கினார்கள். தகட்டுக்கும் ஓர் உபயதாரர் உண்டு, அவர் பெயர் தகட்டில் மேலே இருந்தது. இத்தனை நற்பணியின் கனத்தில் காரின் பின்பக்கம் தாழ்ந்து, வேகத்தடையில் அடிவயிறு உரச ஆரம்பித்தது. ருக்குமணி ஒரு தலையணையை விலாவிலும் இன்னொன்றை இடுப்பிலும் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

திருநாவுக்கரசு செயற்குழுக் கூட்டத்துக்கே போய்விட்டார். தலைவர், டத்தோ பட்டம் பெற்ற முத்துவீரப்பன், எழுந்தார். டத்தோ பேச எழுந்தால் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், ஒலிப்பதிவு கெடக்கூடாது என்பதற்காக.

"அன்பர்களே, தொண்டு என்பது தெரியவேண்டும். தெரியாத இடத்தில் செய்கிற தொண்டை நான் தொண்டாகவே கருதுவதில்லை. அது ஒருவகை ஒளிவுமறைவு. இந்தச் சபையில் ஒளிவுமறைவுக்கு இடமே இல்லை என்பதை நான் தலைநிமிர்ந்து சொல்வேன். அண்ணன் திருநாவுக்கரசு, படிப்பு குறைவாக இருந்தாலும், ஒரு குறையைக் கொண்டுவந்திருக்கிறார். அந்தக் குறை உண்டா இல்லையா என்பதை, பாதிக்கப்பட்டவர்களின் உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் ஆராயவேண்டும். ஆகையால் அதிர்வு ஆய்வுக் குழு ஒன்றை அமைக்கிறேன். தலைமை நானே ஏற்கிறேன், வேறு வழியில்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். திருநாவுக்கரசு தட்டவில்லை. தட்டாததையும் பதிவு செய்தார்கள்.

ஆய்வு நாளன்று டத்தோ முன்னால் உட்கார்ந்தார். பின்னால் மோகனராஜ், பொருளாளர் ராம்நாத், ஒரு புகைப்படக்காரர்.

"ஜெலுத்தோங் பக்கம் விடட்டுமா?" என்று கேட்டார் திருநாவுக்கரசு. "அங்கதான் பம்பு இருக்கு."

"அந்த ரோடு படத்துக்கு எடுப்பா இருக்காது. பாடாங் கோத்தா கடற்கரைக்கு விடுங்க. கடல் பின்னால வரட்டும்."

பாடாங் கோத்தாவில் அப்போதுதான் புதுத் தார் போட்டிருந்தார்கள். நான்கு பேரின் கனத்தில் கார் மூச்சுவிடாமல் ஊர்ந்தது. ஒரே ஓர் இடத்தில், சாக்கடை மூடியின் மேல் ஏறியபோது, டத்தோவின் தலை கூரையில் இடித்தது.

"பார்த்தீங்களா?" என்றார் திருநாவுக்கரசு.

"கூரை தாழ்வா இருக்கு" என்றார் டத்தோ. ராம்நாத் அதை எழுதிக்கொண்டார்.

எடுத்த படம் அத்தனையும் கலங்கிப்போயிருந்தது. ஒன்றில் டத்தோவுக்கு மூன்று மீசை இருந்தது. குழு கூடி ஆலோசித்து, புகைப்படக்காரரை மாற்றியது. அறிக்கையில், காரில் அதிர்வு எதுவும் காணப்படவில்லை என்றும், பயணிகள் உட்காரும் முறையில் குறை இருக்கலாம் என்றும் எழுதினார்கள்.

அடுத்த வாரமே 'காரில் நலமாக அமர்வது எப்படி' என்ற தலைப்பில் ஒருநாள் பயிலரங்கு. நோயாளிகள் வரவேண்டுமே, அவர்களைத் திருநாவுக்கரசு அந்தக் காரிலேயே குலுக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். ஈப்போவிலிருந்து ஊக்கம் ஊட்டும் தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்து காட்டினார்.

"அதிர்வு ரோட்டில் இல்லை, காரிலும் இல்லை. அதிர்வு மனத்தில் இருக்கிறது. பள்ளம் வரும்போது 'வா பள்ளமே' என்று சொல்லுங்கள். எங்கே, எல்லாரும் சொல்லுங்கள் பார்ப்போம்."

"வா பள்ளமே" என்றாள் ரமணி. "இந்தாளை ஜெலுத்தோங்குக்கு ஒருவாட்டி கூட்டிட்டுப் போண்ணே. பள்ளமே பயந்து ஓடட்டும்."

உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீரும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். இரண்டுமே சிறுநீரகம் கெட்டவர்கள் தொடக்கூடாதவை. நோயாளிகள் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, செயற்குழு சாப்பிட்டது. முடிவில் எல்லாருக்கும் சட்டம்போட்ட சான்றிதழ் வழங்கினார்கள். ருக்குமணி எழுந்துபோய் வாங்கவில்லை. அவளால் முடியவில்லை. டத்தோவே கீழே இறங்கிவந்து அவள் மடியில் வைத்தார், படம் எடுத்தார்கள். அவள் கணவன் காதோடு, "மாசம் முடியப்போவுது" என்றாள்.

நன்றியுரைக்கு முன்னால், ஓட்டுநர் இரண்டு வார்த்தை பேசலாம் என்று மோகனராஜ் ஒலிவாங்கியை நீட்டினார். திருநாவுக்கரசு வாழ்க்கையில் ஒலிவாங்கியைத் தொட்டதில்லை. அதையும் நம்பாமல் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குப் பேச வராது. என் பொண்டாட்டி எலும்பு நொறுங்குது. உங்களுக்குப் பேரு தெரியணும், அவ்வளவுதான? ஒண்ணு பண்ணுங்க. அப்சாபர் மேல பேரை எழுதுங்க. காரைத் தூக்கி மேல வைங்க. கீழ ஒரு கண்ணாடியைப் போடுங்க. எல்லாரும் வரிசையில வந்து குனிஞ்சு பார்த்துட்டுப் போங்க."

அவர்கள் வெட்கப்படுவார்கள், இல்லாவிட்டால் தன்னை வெளியே தள்ளுவார்கள் என்று எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. டத்தோ முன்வரிசையிலிருந்து மெல்லக் கையை உயர்த்தினார்.

"கண்ணாடி எத்தனை அடிக்கு எத்தனை அடி போடலாம்?"

அதற்குப் பிறகு உபயதாரர்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்பா பேர் சகதியில் படக்கூடாது என்றவரே முதலில் வந்தார். நான்கு சக்கரத்துக்கும் ஆள் அதிகமாகிவிட்டதால், திருவிழாவில் முதல் மரியாதைக்கு ஏலம் விடுவதுபோல் சக்கரத்துக்கு ஏலம் விட்டார்கள். வலது முன்சக்கரம் டத்தோவுக்குப் போனது. பின்சக்கரம் கிடைத்த ஒருவர், பின்னால் நிற்கிற பரம்பரை இல்லை எங்களுடையது என்று வருத்தப்பட்டார். ஏலம் முடிந்தபிறகு வந்த ஒருவர் ஐந்தாவது அப்சாபர் வேண்டும் என்றார். காருக்கு நான்குதான் என்று மோகனராஜ் பணிவோடு எடுத்துச்சொல்லி, அவருக்கு லோவர் ஆர்ம் இரண்டையும் கொடுத்துச் சமாதானம் செய்தார். புஷ்ஷில் எழுத இடம் போதாது. ஆகவே அதை இப்ராஹிம் பாய் சும்மா மாட்டிவிட்டார்.

பாய் இந்த முறை பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார். மாட்டி முடித்த அன்று மோகனராஜ் வந்து அடியில் எட்டிப்பார்த்தார்.

"பாய், டத்தோ பேரு உள்பக்கம் திரும்பியிருக்கே."

"அண்ணே, அது அப்சாபர். அதுக்கு முன்னாடி பின்னாடின்னு ஒண்ணும் கிடையாது."

"டத்தோவுக்கு இருக்குல்ல."

பாய் கழற்றித் திருப்பி மாட்டினார்.

திறப்புவிழா தடபுடலாக நடந்தது. சபை மண்டபத்தின் முன்னால், தகரக் கொட்டகையின் கீழ், இரண்டு இரும்புத் தண்டவாளம் வைத்துச் சரிவு மேடை கட்டியிருந்தார்கள். கார் மேலே நின்றது. அடியில் கண்ணாடி, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஓடாத கார் என்பதால் பழம் நசுங்கவில்லை, ஒருவர் காலால் மிதித்துவிட்டார். டத்தோ குனிந்து கண்ணாடியில் தன் பெயரைப் படித்தார். எழுத்து தலைகீழாக இருந்தது. தலையைத் திருப்பிப் படித்துவிட்டுக் கண் கலங்கினார்.

"மோகனு, காரை எப்ப இறக்கலாம்?" என்று கேட்டார் திருநாவுக்கரசு. "நாளைக்குக் கழுவுற நாள்."

"இறக்குறதா?" மோகனராஜுக்குக் கேள்வி புரிய நேரம் பிடித்தது. "அண்ணே, பின்சக்கரத்துக்காரர் ஒருத்தர் சிங்கப்பூர்ல இருக்காரு, அவரு இன்னும் பார்க்கல. அப்புறம் இது மழைக்காலம். ரோட்டுல இறக்கினா ஒரே நாள்ல சகதி அப்பிடும், பேரு யாருக்குத் தெரியும்? உபயதாரர் மனசு புண்படக்கூடாதுல்ல. கொஞ்ச நாள் நீங்களும் ஓய்வெடுங்க. நீங்கதான் பாவம், ரொம்ப உழைச்சிட்டீங்க."

ரமணியை அவள் தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். ருக்குமணியின் எலும்புக்கு மோட்டார் சைக்கிள் ஆகாது. மாதக் கடைசி, வாடகைக் காருக்குக் கையில் காசு இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டதற்குக் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அன்றைக்குக் கழுவுவது தவறியது. மறுநாள் அவள் கால் வீங்கியது. அதற்கடுத்த நாள் முகமும் வீங்கி, நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்கியது. அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. மாசம் முடிந்ததா என்று மட்டும் கேட்டாள்.

விடிந்ததும் திருநாவுக்கரசு சபை மண்டபத்துக்குப் போனார். கொட்டகையில் ஆள் இல்லை. கார் மாலையோடு நின்றது. சாவி அவர் பையில் இருந்தது. அதை அவரிடமிருந்து வாங்கவேண்டும் என்று செயற்குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாவிக்கு உபயதாரர் கிடையாது.

முதலில் பின்னாலிருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றினார். பிறகு கூரைமேல் இருந்த இரும்புச் சட்டத்தை. இரண்டையும் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மரியாதையாகச் சாய்த்து வைத்தார். மாலையை எடுத்துத் தகட்டுக்குப் போட்டார். காரைப் பின்னால் எடுத்துச் சரிவில் மெதுவாக இறக்கினார். கண்ணாடியில் கீறல் விழவில்லை. லாரி ஓட்டின கை.

வாசலில் கார் வந்து நின்றதும் ருக்குமணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"அது ஓடுமா?"

"ஓடித்தான வந்திருக்கு."

"நம்ம ஏறலாமா? பெரிய மனுசங்க பேரெல்லாம் அழுக்காயிடாதா?"

"ஏறு."

தலையணை இரண்டையும் அவள் எடுத்துக்கொண்டாள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்ராஹிமையும் அவர் நம்பவில்லை, அப்சாபர் செய்த கம்பெனியையும் நம்பவில்லை. மழை தூற ஆரம்பித்தது. ரோடு முழுக்கச் சகதி.

பாதி வழியில் போன் அடித்தது. மோகனராஜ்.

"அண்ணே, காரு எங்கண்ணே? சிங்கப்பூர்காரர் வந்துட்டாரு. டத்தோவும் கூட வந்திருக்காரு. ரெண்டு பேரும் குனிஞ்சு நிக்கிறாங்க, கண்ணாடியில அவங்க மூஞ்சிதான் தெரியுது."

"பின்ன வேற யாரு மூஞ்சி தெரியும்?"

"விளையாடாதீங்கண்ணே. சகதியில விட்டுடாதீங்க. முக்கியமா வலது முன்சக்கரம். அண்ணே, நான் தீர்மானம் போடவேண்டி வரும்."

"போடு. உனக்குத் தெரிஞ்சது அதுதான்."

போனை அணைத்துப் பக்கத்துச் சீட்டில் போட்டார். ஜெலுத்தோங் அடுக்குமாடி வந்துவிட்டது. வேகத்தடை எதிரே தெரிந்தது. காரை நடை வேகத்துக்குக் குறைத்தார். கை தானாகவே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது. முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. இடியும் இல்லை, கடக்கும் இல்லை. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் இல்லாததுதான் அவரைப் பயமுறுத்தியது. இத்தனை நாளும் இந்த இடத்தில் அவள் முனகாமல் இருந்ததில்லை. கண்ணாடியில் பார்த்தார். தம்பதியின் பெயருக்கு மேலே அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. அசையவில்லை. காரை ஓரங்கட்டினார். இறங்கி மழையில் நனைந்தபடி பின்கதவைத் திறந்து, குனிந்து, அவள் மூக்குக்கு எதிரே விரலை வைத்தார்.

ருக்குமணி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"இப்பத்தான் தூக்கமே வந்துச்சு. எதுக்கு நிப்பாட்டுனீங்க? ஓட்டுங்க."